இறங்கி வந்தவரும் இறங்காதவரும்

சாத்தூர் பஜாரில் பெயிண்டும் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிற சௌந்தரபாண்டி, நீலவேணி கப்பலிலிருந்து மனைவியோடு இறங்கி ஊர் வந்து சேர்ந்த அதே நாளில், இறங்காமல் கப்பலிலேயே தங்கியும் விட்டார் என்கிற சேதி, அடுத்த வருஷம் சிமெண்டுக் கடை செல்வக்கனியின் வாயால்தான் ஊருக்குள் வந்தது.

செல்வக்கனி ரயிலை விட்டு இறங்கியவள் தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பெட்டியைப் புருஷன் ராஜமாணிக்கத்திடம் கொடுத்துவிட்டு நேரே சௌந்தரபாண்டியின் மனைவி தங்கபுஷ்பத்தின் வீட்டுக்கு வந்து, முற்றத்தில் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மதினி, அண்ணாச்சியக் கப்பல்ல பார்த்தோம்."

"எந்த அண்ணாச்சிய?"

"உங்க வீட்டு அண்ணாச்சியத்தான்."

"அவுக கடையில இல்ல இருக்காக. இப்பத்தான் காபி குடுத்துவிட்டேன்."

"கடையிலயும் இருக்காக. வர்ற வழியில பார்த்துட்டுத்தான வாரேன். அங்கயும் இருக்காக. மேல் தளத்துல பாட்டுப் போடுற எடத்துல நின்னு ஆடிக்கிட்டு இருக்காக. எங்களக் கண்டதும் ஓடிவந்து இவுக கையப் பிடிச்சுக்கிட்டாக. 'புஷ்பம் வரலையா'ன்னுதான் முதல்ல கேட்டாக."

தங்கபுஷ்பத்தின் விரல்கள் நிற்கவில்லை. அவளுக்கு அது அதிசயமாகப் படவில்லை. ஒரு வருஷமாக வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்த சாமான் இன்ன இடத்தில் இருக்கிறது என்று யாரோ வந்து சொன்ன மாதிரிதான் இருந்தது.

சௌந்தரபாண்டி பேசாத மனுஷர். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் பேசியதையெல்லாம் ஒன்றுசேர்த்தால் ஒரு பந்திச் சாப்பாடு முடிவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். கோபக்காரர் இல்லை, குடிப்பவர் இல்லை, கைநீட்டியவர் இல்லை. காலையில் கடை, மத்தியானம் சோறு, திரும்பவும் கடை, கடையிலும் 'ரெண்டு இஞ்சா, மூணு இஞ்சா' என்பதுதான் நீளமான பேச்சு. அப்படிப்பட்டவரைத்தான், அதிகம் பெயிண்டு விற்ற கடைக்காரர்களுக்கென்று கம்பெனி கொடுத்த டிக்கெட்டில், அவள் நச்சரித்து நச்சரித்துச் சென்னைக்குக் கூட்டிப்போய் நீலவேணியில் ஏற்றினாள். இலங்கைக் கரை வரைக்கும் போய்த் திரும்புகிற உல்லாசக் கப்பல் அது. இரண்டாம் நாள் சாயந்திரம், மேல் தளத்தில் எல்லாக் கடைக்காரர்களும் கம்பெனித் தொப்பி மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்க, கம்பெனி மேனேஜர் மைக்கைப் பிடித்து, 'காற்றையும் மழையையும் தாங்கி நிற்பது நமது பெயிண்டு' என்று சொல்லி முடிப்பதற்கும், கடற்காற்று அவர் தலையிலிருந்த டோப்பாவைக் கழற்றி ஒரு காக்கையைப் போல வட்டமடிக்கவிட்டுக் கடலுக்குள் கொண்டுபோய்ப் போடுவதற்கும் சரியாக இருந்தது. ஒருவரும் மூச்சுவிடவில்லை. அந்த நிசப்தத்தில் சௌந்தரபாண்டி சிரித்தார். வயிற்றிலிருந்து கிளம்பி, தோளைக் குலுக்கி, கண்ணில் நீராக வந்து, பக்கத்தில் இருந்தவருக்குத் தொற்றி, அவரிடமிருந்து அடுத்த வரிசைக்குத் தாவி, கடைசியில் மேனேஜரே தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு சிரிக்கிற வரைக்கும் போன சிரிப்பு அது. தன் புருஷனுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதே தங்கபுஷ்பத்துக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதன் பிறகு கப்பலில் இருந்த நேரமெல்லாம் அவர் ஆடினார், பாடினார், ஐஸ்கிரீமை அவளுக்கு ஊட்டிவிட்டார், நாலு பேர் பார்க்க அவள் தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்தார். இறங்குகிற காலையில் மட்டும் படிக்குப் பக்கத்தில் நின்று கொஞ்சநேரம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க, நேரமாச்சு" என்று கையைப் பிடித்து இழுத்தாள், வந்தார். ரயிலிலேயே பேச்சு நின்றுவிட்டது. முன்னெல்லாம் அந்த மௌனத்துக்கு அடியில், மூடி போட்ட கிணற்றுக்குள் தண்ணீர் இருப்பது தெரிவதுபோல, ஏதோ ஒன்று இருப்பது தெரியும். இப்போது அதுவும் இல்லை. கல்லைப் போட்டால் சத்தம் வராத ஆழமாக இருந்தார்.

சேதியை ஊர் சுலபமாக எடுத்துக்கொண்டது. சிமெண்டுக் கம்பெனி, குழாய்க் கம்பெனி, ஒயர்க் கம்பெனி என்று எல்லாக் கம்பெனியும் அந்தக் கப்பலில்தான் கடைக்காரர்களை அனுப்பிக்கொண்டிருந்ததால், பஜாரிலிருந்து யாராவது ஒருவர் போவதும் வருவதுமாக இருந்தார்கள். போகிறவர்கள் அவருக்கென்று சேவு வாங்கிப் போனார்கள், வெள்ளரிப் பிஞ்சு கொண்டுபோனார்கள், வேட்டி எடுத்துப் போனார்கள். வருகிறவர்கள் அவர் ஆடிய ஆட்டத்தையும் சொன்ன வேடிக்கையையும் கொண்டுவந்தார்கள். ஒரே ஆளை எப்படி இரண்டு விதமாகச் சொல்வது என்பதுதான் கொஞ்சநாள் சிரமமாக இருந்தது. பிறகு இறங்கி வந்தவரைக் கடை அண்ணாச்சி என்றும், இறங்காதவரைக் கப்பல் அண்ணாச்சி என்றும் சொல்லப் பழகிக்கொண்டார்கள். பங்குனிப் பொங்கலுக்கு யாரை விழாக் கமிட்டியில் போடுவது என்று வந்தபோது கப்பல் அண்ணாச்சியைத்தான் போட்டார்கள். அவர் வரமுடியாது என்றாலும் பெயரைப் பார்த்தாலே ஒரு சந்தோஷம் என்றார்கள். கோவிலில் இரண்டு பேருக்கும் அர்ச்சனை செய்ய வேண்டுமா என்று தங்கபுஷ்பம் கேட்டதற்குப் பூசாரி யோசித்து, "ஒரே பேரு, ஒரே நட்சத்திரம். ஒரு தேங்கா போதும்" என்றார்.

கடை அண்ணாச்சி இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாராவது, "அண்ணாச்சி, அங்க உங்களப் பார்த்தோம், நல்லா இருக்கீங்க" என்றால், "சரி" என்பார். ஆனால் அந்தச் சேதி வந்த பிறகு அவர் குறைய ஆரம்பித்தார். உடம்பு இளைக்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். இருந்தும், கடைக்கு வருகிறவர்கள் கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டு, "யாரும் இல்லையா? கடையில யாரு?" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவர் அவர்களுக்கு எதிரேயே நின்றுகொண்டிருப்பார். குரல் கொடுத்தால்தான் தெரியும். குரல் கொடுப்பதோ அவர் வழக்கம் இல்லை. வீட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு, சாப்பிட ஆள் வரவில்லையே என்று வாசலை எட்டிப் பார்த்துத் திரும்பினால், அவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பாதி சாப்பிட்டிருப்பார்.

நடுவில் ஒரு வருஷம் பெயிண்டுக் கம்பெனி டிக்கெட்டு கொடுத்தபோது அவர் அதைச் சிவகாசிக்காரர் ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதற்கடுத்த மாசியில் திரும்பவும் இரண்டு டிக்கெட்டு வந்தது. கூடவே, இந்த சீசனோடு நீலவேணி இந்தக் கரையை விட்டுப் போகிறது, இனிமேல் எங்கேயோ வடக்கே ஓடப்போகிறது என்ற தகவலும் வந்தது.

பஜார் கொதித்தது. கப்பல் அண்ணாச்சியை என்ன செய்வது? ராஜமாணிக்கம் ஒருமுறை அவரைத் தன்னோடு இறக்கிக் கூட்டிவரப் பார்த்திருக்கிறார். வாசலில் ஒரு மிஷின் இருக்கிறதாம், ஒவ்வொருவரும் டிக்கெட்டுக்கு ஒன்றாகக் கொடுத்த அட்டையை அதில் காட்டினால்தான் கதவு திறக்குமாம், எத்தனை அட்டையோ அத்தனை ஆள்தான் இறங்க முடியுமாம். அண்ணாச்சியின் அட்டையைத்தான் கடை அண்ணாச்சி அன்றைக்கே காட்டி இறங்கிவிட்டாரே.

"மதினி, நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றார் ராஜமாணிக்கம். "டிக்கெட்டு ரெண்டு. நீங்க மட்டும் போங்க. திரும்பி வரும்போது ஒரு அட்டை சும்மாத்தான இருக்கும்? அதுல அவுகளக் கூட்டிட்டு வந்துருங்க."

"வந்து?"

"வந்து…" என்று அவர் இழுத்தார். "இருக்கட்டும். ரெண்டு பேரும் இருக்கட்டும். வீடு பெருசுதான?"

செல்வக்கனி இன்னும் நேராகச் சொன்னாள். "நான் மட்டும் உங்க எடத்துல இருந்தா எப்பவோ போயிருப்பேன் மதினி. சிரிக்கிற மனுஷன யாரு வேண்டாம்பா?"

கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வினோதினி போனில் அழுதாள். "எனக்கு அந்த ஆளத் தெரியாதும்மா. எனக்குத் தெரிஞ்சது நம்ம வீட்டுல இருக்கிற அப்பாதான். அவர என்ன செய்யப்போற?"

தங்கபுஷ்பம் அடுப்படியில் நின்று யோசித்தாள், கோவில் வாசலில் நின்று யோசித்தாள், தண்ணீர் தொட்டி நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல் யோசித்தாள். போகவில்லை என்றால் அந்தச் சிரிப்பு வடக்கே போய்விடும். கூட்டிவந்தால் ஏற்கெனவே பாதி மறைந்துபோனவர் முழுக்க மறைந்துவிடுவாரோ? மூன்றாவதாக ஒரு வழி இருந்தது, அதைத்தான் முதலில் கேட்டுப் பார்த்தாள்.

"நீங்களும் வாங்க. ரெண்டு பேருமாப் போவோம்."

சௌந்தரபாண்டி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"நான் ஏறினா, எறங்குறது அவனாத்தான் இருக்கும்" என்றார்.

"அப்படியெல்லாம் ஆகாது."

"உனக்கு அதுதான வேணும்?"

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. ஆணி என்ன இஞ்ச் என்று கேட்கிற அதே குரல். 'இல்லை' என்று சொல்ல வாயெடுத்தாள்; அந்தச் சொல் வெளியே வர ஒரு கணம் அதிகமாக எடுத்துக்கொண்டது. அந்த ஒரு கணத்தை அவரும் கேட்டுவிட்டார். கை கழுவ எழுந்து போனார்.

ரயிலுக்குக் கிளம்புகிற சாயந்திரம் வரைக்கும் போவதா வேண்டாமா என்று அவள் தீர்மானிக்கவில்லை. பெட்டியை மட்டும் கட்டி வைத்திருந்தாள். அவர் கடையை ராஜமாணிக்கத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்து, பெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு முன்னால் நடந்தார். ரயில் வந்தது. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு இறங்கி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி வெச்சிருக்கியா?"

"இருக்கு."

ரயில் நகர ஆரம்பித்தபோதுதான் மீதியைச் சொன்னார். "அவனக் கூட்டிட்டு வந்தா சொல்லு. நான் கடையிலயே படுத்துக்கிடுதேன்."

சென்னை வரைக்கும் தங்கபுஷ்பம் கண்ணை மூடவில்லை.

கப்பலில் அவளைத் தேடவைக்கவில்லை அவர். படியேறி மேல் தளத்துக்கு வந்ததுமே, "புஷ்பம்!" என்று ஒரு கூவல். கிளிப்பச்சைச் சட்டையில், காற்றில் முடி பறக்க, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார் கப்பல் அண்ணாச்சி. அதே கன்னக்குழி. அவள் அழவும் செய்தாள், சிரிக்கவும் செய்தாள். அவர் அவளைக் கப்பல் முழுக்கக் கூட்டிப்போனார். சமையல்காரர்கள் அவருக்கு வணக்கம் வைத்தார்கள், கூட்டிப் பெருக்குகிறவர்கள் அவரோடு கைதட்டிக்கொண்டார்கள், யாரும் அவரிடம் எந்த அறை, யாரோடு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. அன்று சாயந்திரம் அவளையும் ஆடவைத்தார். பதினெட்டு வயதில்கூட அப்படி ஆடாதவள், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடினாள். நாளை மறுநாள் காலையில் இவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட வேண்டியதுதான் என்று அப்போது முடிவெடுத்தாள். அவரிடம் சொன்னாள். "வாரேனே!" என்று அவர் குதித்தார்.

மறுநாள் வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு பேரும் கடலைப் பார்த்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கேட்டார்:

"அங்க இருக்கானே, அவன் எப்படி?"

"என்னத்த எப்படி? காலையில கடை, சாயந்திரம் கடை."

"பேசுவானா?"

"பேசிட்டாலும்!" என்று அவள் அலுத்துக்கொண்டாள். "வினோதினி பன்னெண்டாவது பரீட்சை எழுதும்போது ஒவ்வொரு பரீட்சைக்கும் பள்ளிக்கூட வாசல்ல, அந்தப் பங்குனி வெயில்ல, பிள்ள வெளிய வர்ற வரைக்கும் நின்னாக. ஒரு நெழல் கெடையாது. வந்த பிள்ளகிட்ட 'நல்லா எழுதுனியா'ன்னு கேட்டிருக்கலாம்ல? 'பேனா எழுதுச்சா'ன்னு கேட்டாக. எல்லாப் பரீட்சைக்கும் அதே கேள்வி. 'பேனா எழுதுச்சா.'"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நாற்காலியே ஆடியது. சிரித்து ஓய்ந்தபோது, எங்கே ஓய வேண்டுமோ அதைவிடக் கொஞ்சம் கீழே இறங்கி ஓய்ந்த மாதிரி இருந்தது.

"எந்தப் பிள்ளை?" என்று கேட்டார்.

"நம்ம பிள்ளை." அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, இவருக்கு அவள் பெயரும் ஊர்க்காரர்களின் முகமும் டோப்பா பறந்த நாளும் அதற்குப் பிறகு நடந்ததும் தவிர வேறு எதுவும் தெரியாது என்று. "வினோதினி. உங்க சாடை."

"வேற சொல்லு."

அவள் சொன்னாள். யாரிடமும் அவரைப் பற்றி இப்படிச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்த பிறகுதான் இவ்வளவு இருக்கிறது என்பதே தெரிந்தது. முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தபோது வைப்பாற்றில் வெள்ளம் வந்து பஸ்ஸெல்லாம் நின்றுபோனதும், அவர் ரயில் பாலத்தின் மேலேயே நடந்து, முழங்கால் வரைக்கும் சேறோடு வாசலில் வந்து நின்று, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, அவள் சாப்பிட்டேன் என்றதும் அப்படியே திரும்பிப் போனதையும் சொன்னாள். பின்னால் பாட்டு ஆரம்பித்திருந்தது. அவருக்கு ரொம்பப் பிடித்த குத்துப்பாட்டு. அவர் எழவில்லை. தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டையெல்லாம் வழுக்குச்சு" என்றார் மெதுவாக. "நடுப்பாலத்துல குனிஞ்சு தண்டவாளத்தப் பிடிச்சுக்கிட்டேன்."

அவள் அதைச் சொல்லவில்லை. அவளுக்கே அது தெரியாது.

தங்கபுஷ்பம் அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் குழி இருந்த இடம் தூர்ந்துகொண்டிருந்தது. தான் சொல்லச் சொல்ல இவர் கடையில் இருக்கிறவராக ஆகிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்துவிட்டது. சட்டென்று எழுந்து அவர் கையைப் பிடித்தாள்.

"எந்திரிங்க. போதும். பாட்டு ஓடுது பாருங்க, ஆடுவோம்."

"இல்ல. மேல சொல்லு."

"வேண்டாம். நான் சொல்லமாட்டேன்."

"புஷ்பம்."

அவள் விலகிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே கடல் இருட்டிக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டால் போதும். நாளைக்குக் காலையில் மிச்சம் இருக்கிற சிரிப்போடு இவரை இறக்கிக் கூட்டிப்போய்விடலாம். வீட்டில் பாட்டு இருக்கும், பேச்சு இருக்கும். பஜாரே வந்து வேடிக்கை பார்க்கும். ஷட்டரை உள்பக்கமாக இறக்கிவிட்டுப் பெயிண்டு டப்பாக்களுக்கு நடுவில் ஒருவர் படுத்திருப்பார். யாருடைய கண்ணுக்கும் தெரியமாட்டார். பேனா எழுதியதா என்று யாரையும் கேட்கமாட்டார்.

பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "அவன் என்ன ஆனான்னு எனக்குத் தெரியணும்ல? சொல்லு."

அவள் திரும்பிவந்து உட்கார்ந்தாள். யாருக்கும் சொல்லாததைச் சொன்னாள். "மதுரையில எனக்கு ஆபரேஷன். கட்டி எப்படிப்பட்டதுன்னு தெரியல, பரிசோதனைக்கு அனுப்பியிருக்கு, முடிவு வரல. நான் கட்டில்ல படுத்திருக்கேன். கதவு கொஞ்சம் தெறந்திருக்கு. நடையில ஒரு தண்ணிக் குழாய். அவுக அதுகிட்டப் போய், எல்லாருக்கும் முதுகக் காட்டிக்கிட்டு, குழாயை முழுசாத் தெறந்துவிட்டுட்டு, அழுதாக. தண்ணிச் சத்தத்துல யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு. தோள் குலுங்குறத நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் மூஞ்சியெல்லாம் ஈரமா உள்ள வந்து நின்னாக. 'என்னங்க'ன்னேன். 'வெயில் ஜாஸ்தி'ன்னாக. நான் பார்த்தேன்னு இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல."

அவர் இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"வெயில் ஜாஸ்தி" என்றார். சூரியன் மறைந்து வெகுநேரமாகியிருந்தது.

காலையில் கப்பல் துறைமுகத்தில் நின்றது. அவர் சட்டைப் பித்தானைக் கழுத்துவரைக்கும் போட்டுக்கொண்டு, பேசாமல் அவள் பெட்டியைத் தோளில் எடுத்துக்கொண்டு வந்தார். அவள் அவர் கையை விடவில்லை. வரிசை மெல்ல நகர்ந்தது. முன்னால் ஒரு குடும்பம் இறங்கியது. தங்கபுஷ்பம் தன் அட்டையை மிஷினில் காட்டினாள், கதவு திறந்தது. இரண்டாவது அட்டையைக் காட்டினாள், அதற்கும் திறந்தது. "வாங்க" என்று திரும்பினாள்.

பெட்டி தரையில் இருந்தது. கையில் சூடு இருந்தது. ஆள் இல்லை.

"மேடம், கூட வர்றது யாரு?" என்று மிஷின்காரர் கேட்டார். பின்னால் நின்றவர்கள் அவசரப்பட்டார்கள். அவள் அண்ணாந்து மேல் தளத்தைப் பார்த்தாள். கம்பி ஓரம் முழுக்கப் பார்த்தாள். ஒருவரும் இல்லை.

எழும்பூரில் ரயிலேறும்வரைக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ரயில் கிளம்பிய பிறகுதான் அந்தப் பயம் வந்தது. சிரிக்கிறவரைப் பேசிப் பேசித் தானே இல்லாமல் ஆக்கிவிட்டோம். அங்கே இருக்கிறவரோ முன்னாலேயே பாதிதான் இருந்தார். இரண்டு பேரையும் தொலைத்துவிட்டோமா? கடைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. செல்வக்கனிக்குப் போட்டாள்.

"கடை தெறந்திருக்கா?"

"தெறந்துதான் இருக்கு மதினி. ஆள் இருக்காகளா இல்லையான்னுதான்… எப்பவும் தெரியமாட்டேங்குதே. கூட்டிட்டு வாரீகளா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

சாத்தூரில் இறங்கி பஜாருக்குள் நுழைந்தபோது காலை வியாபார நேரமாகியிருந்தது. ஆனால் யாரும் வியாபாரம் பார்க்கவில்லை. கப்பல் அண்ணாச்சியை வரவேற்க எல்லாரும் பெயிண்டுக் கடை வாசலில் நின்றிருந்தார்கள். ராஜமாணிக்கம் கையில் ஒரு மாலைகூட இருந்தது. அவள் தனியாக வருவதைப் பார்த்ததும் கூட்டம் சத்தமில்லாமல் வழிவிட்டது. "வரலையா?" என்று யாரோ கேட்டார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஒவ்வொருவராகத் தங்கள் கடையைப் பார்த்துப் போனார்கள். ராஜமாணிக்கம் மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, அதைத் தன் கடை சாமி படத்துக்குப் போடக் கொண்டுபோனார்.

கடைக்குள் யாரும் இல்லை. டப்பாக்கள் இருந்தன, தராசு இருந்தது, கல்லா இருந்தது. கிராமத்துக்காரர் ஒருவர் மட்டும் முன்னால் நின்றுகொண்டிருந்தார். தங்கபுஷ்பம் பெட்டியைக் கீழே வைத்தாள். கூப்பிட வாய் வரவில்லை.

"மூணு இஞ்ச் போதுமா?" என்று குரல் கேட்டது. அலமாரிக்குக் கீழே குனிந்திருந்த சௌந்தரபாண்டி ஆணிப் பொட்டலத்தோடு நிமிர்ந்தார். முழுசாக நிமிர்ந்தார். கடைக்காரர் நின்றால் கடை எவ்வளவு அடைபடுமோ அவ்வளவு அடைபட்டது. கிராமத்துக்காரர் அவர் முகத்தைப் பார்த்தே, "போதும் அண்ணாச்சி" என்றார்.

"வந்தியா?" என்றார் அவளிடம்.

"ம்."

அவர் அவளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்தார். வேறு யாரும் இல்லை. கிராமத்துக்காரருக்கு ஆணி நிறுத்துக் கொடுத்தார். அவர் போனார். பிறகு புருஷனும் மனைவியும் மட்டும் இருந்தார்கள். தங்கபுஷ்பம் ஒரு பெயிண்டு டிரம்மின் மேல் உட்கார்ந்தாள். எதுவும் மாறவில்லை என்று நினைத்தாள். அதே மௌனம். இதற்காகவா போனோம் என்று கண் நிறைந்தது.

அவர் தராசைத் துடைத்துக்கொண்டே, முகம் நிமிராமல் கேட்டார்: "கொழாய அவ்வளவு வேகமாத் தெறந்துவிட்டிருந்தேனே. எப்படிக் கேட்டுச்சு உனக்கு?"

அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"கேக்கல" என்றாள். "பார்த்தேன்."

"ம்" என்றார். துணியை மடித்து வைத்தார். கல்லாவைத் தாண்டி வந்து, அவளுக்கு எதிரே இன்னொரு டிரம்மைக் காலால் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். கடை நேரத்தில் அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"புஷ்பம், ஒரு நாள் அங்க நல்ல மழை. மேல ஒரு ஆளு இல்ல, நான் மட்டும்தான். கடல்ல மீனு பறக்குது. ரெக்கை இருக்கு அதுக்கு, நெசமாத்தான். கூட்டமா எந்திரிச்சுக் கப்பலத் தாண்டுது. அந்த நேரம் பார்த்து அந்தக் குண்டுச் சமையல்காரரு, பெரிய வெள்ளத் தொப்பி போட்டுக்கிட்டு, மழைய வேடிக்கை பார்க்கலாம்னு மேல வாராரு. ஒரு மீனு நேரா வந்து அந்தத் தொப்பிக்குள்ள…"

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. தோள் குலுங்கியது. கன்னத்தில் குழி விழுந்தது. எதிர்க்கடையிலிருந்து ராஜமாணிக்கம் எட்டிப் பார்த்தார். சுண்ணாம்பு வாங்க வந்த ஒருவர் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். "தொப்பிக்குள்ள என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று புருஷனின் முழங்காலைப் பிடித்து உலுக்கினாள் தங்கபுஷ்பம்.

"இரு" என்றார் சௌந்தரபாண்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சிரிச்சு முடிச்சிட்டுச் சொல்லுதேன்."